பலகையில் நின்ற கடைசி அளவு

நேற்று கணினியில் மூன்று சிறிய செயற்கூறுகள், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டுகள், எழுதினேன். இந்த வயதில் நிரல் பழகுகிறேன் என்றால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். ஒவ்வொன்றும் தனக்குரிய எண்ணைச் சொல்ல வேண்டும். கூப்பிட்டபோது மூன்றும் கடைசி எண்ணையே சொல்லின. எண்ணை வைத்துக்கொள்ளாமல், அது எழுதியிருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்திருந்தனவாம்.  எனக்குப் பழைய பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது போலிருந்தது.

அறுபதுகளில் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் காலரா கண்டிருந்தது. நாம் சுகாதார நிலையத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூன்று கிணறுகளுக்குப் பிளீச்சிங் பவுடர் மருந்து போக வேண்டும். அதைக் கொண்டுபோகும் மூன்று ஆட்களுக்கும் சீட்டு எழுதியது நான். எல்லாச் சீட்டிலும் "பலகையில் உள்ள அளவு" என்றே எழுதினேன். நிலையத்துக் கரும்பலகையிலோ ஒரு கிணற்றின் அளவை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை எழுதினேன். மதியம் ஆட்கள் வந்தபோது அதில் நின்றது சின்னக் கிணற்றின் அளவு. மூவரும் அதையே அளந்துகொண்டு போனார்கள்.

பிறகுதான் நீ வந்தாய். "பெரிய கெணத்துக்கு எம்புட்டுடி போச்சு?" என்றாய். பலகையைக் காட்டத் திரும்பினேன்; அதில் சின்னக் கிணற்றின் அளவு நிற்பதை இருவரும் பார்த்தோம். நீ பவுடர் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

நான் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது, பெரிய கிணற்றடியில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். நீ வாளிக் கயிற்றை இரு கைகளாலும் பிடித்திருந்தாய்.

"மத்தியானமே மருந்து போட்டாச்சுன்னாகளே. புள்ளைக தாகத்துல கெடக்கு," என்றாள் ஒருத்தி.

"போட்டது பத்தாதுக்கா. இப்பத்தான் மிச்சத்தைப் போட்டிருக்கேன். செத்த நேரம் பொறுங்க. அதுவரைக்கும் கயித்த விட மாட்டேன்."

"ரெண்டு கொடம் முன்னாடியே போயிருச்சே, தாயி."

அந்த இரண்டு குடங்களைத் தேடி வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஒரு குடத்துத் தண்ணீர் உலையில் கொதித்துக்கொண்டிருந்தது. மற்றதிலிருந்து ஒரு பிள்ளை குடித்திருந்தது.

காலரா கண்டுவிடுமோ என்று ஐந்து நாள் அந்த வீட்டுக்கு நடந்தோம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வந்த அதிகாரி நம்மை அறைக்குள் கூப்பிட்டு விசாரித்தபோது, "ரெண்டு பேரும் கவனிக்கல சார்," என்றாய்.  அதன்பின் ஒவ்வொரு சீட்டிலும் அந்தந்தக் கிணற்றின் அளவையே எழுத வைத்தாய். "ஆளு போற எடத்துக்கு அளவும் கூடப் போகணும்டி" என்பாய்.

நிரலையும் அப்படித்தான் திருத்தினேன். ஓர் எண்ணை வாங்கி, அதை உள்ளே வைத்து, புதிய செயற்கூறு ஒன்றைச் செய்து தரும் இன்னொரு செயற்கூறு எழுதினேன். செய்து தந்த செயற்கூறு வேலை முடிந்து போய்விட்டாலும், அது உள்ளே வைத்த எண் போவதில்லை. இப்போது மூன்றும் சரியாகச் சொல்கின்றன.

நீ கண்மூடி நான்கு வருடமாகிறது. பலகையை அழித்தது நான் ஒருத்திதான், நீயல்ல. அன்று அந்த அறையில் அதிகாரியிடம் நான் சொல்லாத இந்த ஒரு வரியை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.