கிருபாவின் காது

மார்ச் 4, திங்கள்

எங்கள் விமானப் பள்ளியின் பயிற்சி விமானத்துக்கு, ஓட்டுபவர்கள் ஹெட்செட்டில் பேசிக்கொள்ளும் இன்டர்காம் மாட்டி முடித்தோம். சோதனைக்குக் கிருபா இடது இருக்கையில், நான் வலது இருக்கையில். ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, "கேக்குதா புள்ள?" என்றேன். அவள் பாட்டுக்கு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மைக்கை உதட்டோடு ஒட்டி மறுபடி கேட்டேன். திரும்பி என் வாயைப் பார்த்தாள். அப்புறம்தான், "நல்லாக் கேக்குது" என்றாள்.

ஹெட்செட்டை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இருக்கையையும் மாற்றி உட்கார்ந்தோம். எனக்கு எல்லாவற்றிலும் தெளிவாகக் கேட்டது.

கோளாறு கருவியில் இல்லை.

மார்ச் 6, புதன்

சாப்பாட்டு நேரத்தில், விமானம் நிறுத்தும் ஹேங்கருக்குப் பின்னால் வைத்துக் கேட்டுவிட்டேன். டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: "ஒரு வருசமா இப்படித்தான், ரெண்டு காதும். நரம்பு போச்சுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. மிசின் மாட்டுனா பேச்சு கேக்குமாமா, சன்னமான சத்தம் கேக்காதாமா. செவ்வந்தி, சார்கிட்டச் சொல்லிப்போடாத. இந்த வேலையும் போச்சுன்னா நான் என்ன பண்றது?"

பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். சூலூர் பஸ்ஸில் ஒரே சீட். சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன்.

மார்ச் 14, வியாழன்

அவள் சோதித்ததையெல்லாம், அவள் நகர்ந்த பிறகு நான் மறுபடி சோதிக்கிறேன். அவளுக்கும் தெரியும். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

அம்மாவுக்குக் காய்ச்சல். லீவு போட்டுவிட்டு வெள்ளகோவிலில் இருக்கிறேன். மனசு ஹேங்கரிலேயே கிடக்கிறது. கிருபாவுக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. பிறகு மெசேஜ் அனுப்பினாள்: ரேடியோவில் பேச அழுத்தும் பட்டனைப் புதிதாக மாற்றியாயிற்று, எல்லாம் சரி.

ஏப்ரல் 3, புதன்

அந்தப் பட்டன் இன்று அழுத்தியபடியே சிக்கிக்கொண்டது.

மாணவி நவ்யா முதன்முதலாகத் தனியாகப் பறந்தாள். நான் ஊரிலிருந்து வேலைக்குத் திரும்புவதற்குள் விமானம் கிளம்பியிருந்தது. பட்டன் விடுபடாததால் ரேடியோ அனுப்பிக்கொண்டே இருந்தது. டவர் சொன்ன எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. ஓடுபாதையில் வேறொரு விமானம். அதைக்கூட அவளுக்குச் சொல்ல முடியவில்லை. அவள் "அம்மா, அம்மா" என்று முனகியது மட்டும் ஹேங்கர் ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. டவரிலிருந்து சிவப்பு விளக்குக் காட்டிச் சுற்ற வைத்து, பாதை காலியானதும் பச்சை காட்டி இறக்கினார்கள். விமானம் நின்ற பிறகும் அவளுக்குப் பெல்ட்டைக் கழற்ற வரவில்லை. நான்தான் கழற்றிவிட்டேன்.

புதுப் பட்டனைச் சோதிக்க, அதை அழுத்தி விட்டதும் கையிலிருக்கும் ரேடியோவில் இரைச்சல் நிற்கிறதா என்று வெளியே நின்று கேட்க வேண்டும். நேற்று கேட்டவள் கிருபா. நின்றுவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியிருக்கும்.

நான் ஏன் லீவு போட்டேன்? இல்லை — நான் ஏன் தலையாட்டினேன்?

ஏப்ரல் 5, வெள்ளி

எங்கள் மேலாளர் சீனிவாசலு சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டுக் கிருபாவிடம் விசாரித்தார். "ஏனம்மணி, பட்டன்ல கோளாறா, சோதிச்சதுல கோளாறா?" கிருபா தரையைப் பார்த்து நின்றாள். கேள்வியே அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்டார்.

சொல்லிவிட்டேன். "அவளுக்குக் காது கேக்கறதில்லைங்க சார். எனக்கு முன்னாலயே தெரியுமுங்க."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். சார் சத்தம் போடவில்லை. என்னை எச்சரித்தார். அவளைச் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோருக்கு மாற்றுவதாகச் சொன்னார். அதைக் காகிதத்தில் எழுதியும் காட்டினார். "வேண்டாமுங்க சார்" என்று அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

சரியாத்தானே செஞ்சேன்? சரிதான். அப்புறம் ஏன் சோறு எறங்க மாட்டேங்குது —

ஏப்ரல் 19, வெள்ளி

இப்போதெல்லாம் பஸ்ஸில் பக்கத்தில் யார் யாரோ உட்காருகிறார்கள்.

ஜூன் 16, ஞாயிறு

கிருபா அவள் அக்கா வீட்டுக்காரரின் தறிக்கூடத்துக்கு வேலைக்குப் போவதாகக் கேள்விப்பட்டு, இன்று போனேன். தறிகள் ஓடும் சத்தத்தில் அங்கே யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. கையாலேயே பேசிக்கொள்கிறார்கள். கிருபா விரலை ஆட்டி ஏதோ சொல்ல, இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து.

என்னைக் கண்டதும் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள். பஞ்சு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க" என்றாள், இத்தனை வருடம் என்னை "வா" என்றவள். "உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

குடித்தேன். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.