கைப்பிடியில் தொங்கிய சிவப்பு அட்டை

இன்று காலை எங்கள் குடியிருப்பு பிளாக்கின் முனையில் இருக்கும் டீக்கடை. சுரங்கத்துக்குக் கம்மாபுரத்திலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், எனக்குப் பழக்கம். சிறுநீரகக் கல் எடுத்தபோது உள்ளே வைத்த ஸ்டென்ட்டைப் போன வாரமே எடுத்திருக்க வேண்டும்.

"வலியே இல்லீங்க தம்பி. லீவு கேட்டா காண்ட்ராக்டர் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்காரு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

நேராக வீட்டுக்கு வந்தேன். மேசை இழுப்பறை. உன் சிவப்பு அட்டை. முகர்ந்தேன். கிரீஸ் வாசனை இன்னும் போகவில்லை.

பள்ளியில் நீயும் நானும் ஒரே பெஞ்ச். நான் முதுகலைக்குப் போனேன். நீ சுரங்கத்தில் கரி ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு, எலக்ட்ரீஷியனாக. அங்குள்ள வழக்கத்தை நீதான் சொன்னாய். பழுது பார்க்கப் பெல்ட்டில் ஆள் இறங்கினால், அதை நிறுத்திய சுவிட்சில் சிவப்பு அட்டை மாட்ட வேண்டும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். இன்ஜினியரே வந்தாலும் தொடக்கூடாது.

பிறகு எனக்கும் சிறுநீரகத்தில் கல், ஆப்பரேஷன். கல் போயிற்று. வலி போயிற்று. ஸ்டென்ட் மட்டும் இருந்தது. சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரை ஒரு மெல்லிய குழாய். எடுக்கும் நாளைத் தள்ளிப் போட்டேன். தேர்வு என்று உன்னிடம் சொன்னேன். உண்மையில் பயம்.

மறுநாள் என் பைக் கைப்பிடியில் இந்த அட்டை. 'வேலை நடக்கிறது, இயக்காதே' என்ற அச்சுக்குக் கீழே உன் கிறுக்கல்: உள்ள இருக்கறத செவ்வாய்க்கிழமை எடுக்கணும். கையெழுத்து. தெருவே படித்துவிட்டது. போனில் கத்தினேன்.

"கழட்டு பாக்கலாம். மாட்டுனவன் நானு."

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தாய். புருவத்தில் கரித்தூள். மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாய்.

"மயக்க ஊசியெல்லாம் கெடையாது. ஜெல்லு வுடுவாங்க, சில்லுன்னு இருக்கும். அப்பறம் கேமரா வச்ச குழாய். தண்ணி ஏத்துவாங்க, ஒண்ணுக்கு முட்டிக்கினு வரும். எழுந்து ஓடிடாத."

"வலிக்குமா?"

"எரியும். உருவும்போது வவுத்துக்குள்ள யாரோ நூல் இழுக்கற மாதிரி இருக்கும். மூச்ச அடக்காத, வுடு. அஞ்சு நிமிசம்கூட ஆவாது."

"அப்புறம்?"

"ரெண்டு நாளு எரிச்சல். லேசா ரத்தம் வரும். மொத தடவ போவும்போது என்னத் திட்டத் தோணும், திட்டு. தண்ணி குடிச்சிகினே இரு. குளிர் சொரம் வந்தாலோ, ஒண்ணுக்கே வரலன்னாலோ எனக்கு போன் பண்ணிகினு ஒக்காராத, இங்க ஓடியாந்துடு."

மருத்துவர் 'வலியே தெரியாது' என்றார். எரியும் என்று சொன்னவன் நீ மட்டும். அதனால் எரிந்தபோது பயப்படவில்லை. சில்லிப்பு. முட்டல். நூல். நீ சொன்ன வரிசையிலேயே. தட்டில் கிடந்தது, பேனா ரீஃபில் பருமனில் ஒரு குழாய். இதற்கா இவ்வளவு பயம்.

வெளியே நீ என் பைக்கிலிருந்து அட்டையைக் கழற்றி, 'முடிந்தது' என்று எழுதி, என் சட்டைப் பையில் வைத்தாய். வேறெங்கோ பார்த்தபடி சொன்னாய்.

"என்னுது எட்டு மாசம் உள்ள கெடந்துச்சிடா. வலி இல்லன்னு வுட்டுட்டேன். அதும்மேலயே கல்லு கட்டிக்கிச்சி. திரும்ப ஆப்பரேசன். ஒரு கிட்னி பாதிதான் வேல செய்யிது. ரெண்டாவது வச்சத நாள் தப்பாம எடுத்தேன். அப்ப எப்பிடி இருந்துச்சோ அதத்தான் ஒனக்குச் சொன்னேன்."

"ஏன்டா முதல்லயே சொல்லல?"

"சொல்லியிருந்தா பயந்துகினு வந்திருப்ப. தெரிஞ்சிகினு வரணும்னு பாத்தேன்."

நிறையப் படித்திருக்கிறேன். வலியை இவ்வளவு நேராகச் சொன்ன ஒரு பக்கம் நினைவில் இல்லை.

போன மழையில் நீ போய்விட்டாய். லாரி. சிறுநீரகம் காரணமில்லை. அதற்கு மேல் எழுத வரவில்லை.

உன் எழுத்தை அழிக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன். செவ்வாய்க்கிழமை. என் கையெழுத்து. டீக்கடைக்குத் திரும்பி அவர் வண்டிக் கைப்பிடியில் மாட்டினேன். கிளாஸோடு எழுந்து வந்தார்.

"இன்னா தம்பி இது?"

"வண்டிய ஓட்டுங்க. இத மட்டும் கழட்டாதீங்க. மாட்டினவன்தான் கழட்டணும். செவ்வாய்க்கிழமை உங்ககூட நான் வர்றேன். காண்ட்ராக்டர்கிட்டயும் நானே பேசறேன்."

படித்தார். சிரிக்கப் பார்த்தார். பிறகு குரல் தாழ்ந்தது.

"வலிக்குமா தம்பி?"

"எரியும்" என்றேன். பெஞ்சில் இடம் விட்டு உட்கார்ந்து, ஜெல்லிலிருந்து தொடங்கினேன்.