சுதன் யாருக்கும் அண்ணன் இல்லை

என் தங்கத் தர்ஷி, வகுப்பில் கடைசி வாங்கில் இருந்து கதை எழுதிய பெரிய எழுத்தாளரே,

நலமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டாலும் பதில் சொல்லமாட்டாய். உயிரோடு இருந்தபோதே கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறிப் போன ஆள் நீ. அந்தக் கோபம் ஐந்து வருசமாக எனக்குள் அப்படியே கிடக்கிறது. இந்தக் கிழமை அதற்குத் துணையாகப் புதுக் கோபம் ஒன்றும் வந்து சேர்ந்திருக்கிறது.

உன் சுதனை அண்ணா ஆக்கிவிட்டார்கள்.

ஓம். நம்பமாட்டாய். கேள்.

ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டேன். பெறுபேறு வரும்வரை டவுனில் ஒரு அச்சகத்தில் தமிழ் ரைப் அடிக்கிறேன். கலியாண அட்டையும் மரண அறிவித்தலும் ஒரே மேசையில்தான் கிடக்கும். வந்த இரண்டாம் கிழமையே ஒரு மாப்பிள்ளையின் கலியாண அட்டைக்கு மரண அறிவித்தலின் கறுப்புக் கரை போட்டேன். கைதவறி இல்லை, வேண்டுமென்றுதான். முதலாளி திட்டத் தொடங்கி நடுவில் சிரித்துவிட்டார். அதனால் வேலை தப்பியது.

போன திங்கள் எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒரு கட்டு வந்தது. கடல் கொண்டுபோன பிள்ளைகளுக்கு ஐந்தாம் வருச நினைவு மலர் போடுகிறார்கள். கட்டை அவிழ்த்தால், மேலேயே நீ கதை எழுதிய நீல அட்டைக் கொப்பி.

அந்தக் கொப்பி எப்படித் தப்பியது என்று உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு பெயர் எழுதி, வாசிக்க ஆளுக்கு ஒருநாள் என்று முறை வைத்தாயே, அந்த டிசம்பர் லீவுக்கு என் முறை. கொப்பி வாவிக்கரையில் எங்கள் வீட்டில் இருந்தது. நீ செட்டிபாளையத்தில் கடல் பக்கம் இருந்தாய். நீ போன முப்பத்தோராம் நாள் அதைக் கொண்டுபோய் உன் அம்மாவின் கையில் திணித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் ஓடிவந்தேன். பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை. இப்போது அம்மாதான் அதை மலருக்குக் கொடுத்திருக்கிறா.

கைவேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வாசித்தேன் தர்ஷி. அடியே, பதினாலு வயதில் உனக்கு எப்படி இவ்வளவு தெரிந்தது?

வாடகைக்கு எடுத்து வாசிக்கும் கதைகளில் மாப்பிள்ளை காரில் வருவான், உடனே மழை பெய்யும், அவள் மயங்கி விழுவாள், அவன் தாங்கிப் பிடிப்பான். உனக்கு அது ஆகாது. "எங்கட பக்கம் எந்தப் பொடியன்ட்ட கார் இருக்கு? இருந்தாலும் செக்பொயின்ற்ல இறக்கி, அடையாள அட்டை கேட்டு, டிக்கியைத் திறக்கச் சொல்லுவாங்க. அதுக்குள்ள மழை விட்டிரும்" என்றாய். உன் சுதனுக்குச் சங்கிலி கழலும் சைக்கிள். கையில் எப்போதும் கிறீஸ். முன்பல் ஒன்று அரைவாசி உடைந்தது. வாவிக்கு அந்தப் பக்கம் இருந்து ரியூசனுக்கு வருவான். பாதை என்று நாம் சொல்லும் அந்த மிதவை துறையில் ஓடாத நாளில் அவன் வரமாட்டான். அந்த நாளில் உன் கதாநாயகி வதனி சும்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவுதான் உன் கதை. அதற்குத்தான் பன்னிரண்டு பேர் அடிபட்டோம்.

ஏன் அடிபட்டோம்? இதைத்தான் இந்தப் பெரிய ஆட்களுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை. காதல் என்று ஒரு சொல் இருந்தாலே பிள்ளை கெட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். அந்த நேரத்தில் எங்களை எவரெவர் தேடி வருவார்கள் என்று பயந்துகொண்டு இருந்தோம். இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயம். பிடிக்காமல் இருக்கப் பதினாறில் கட்டிக்கொடுத்துவிடுவார்கள் என்று அதைவிடப் பயம். எல்லாரும் எங்களைப் பற்றிக் கதைத்தார்கள். எங்களிடம் ஒருத்தரும் கதைக்கவில்லை. உன் கதையில் மட்டும் ஒருத்தன் அவளிடம் கேட்கிறான். நாற்பத்திரண்டாம் பக்கம்: "சுதன் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருந்தான்." அந்த ஒரு வரிக்குக் கீழே பன்னிரண்டு பென்சில் கோடு. ஒருத்திக்குத் தெரியாமல் மற்றவள் போட்டது. தாள் கிழிகிற அளவுக்கு.

கோடுகளை இறப்பரால் அழித்திருந்தார்கள். வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார்கள்.

அழிக்கப்பட்ட கோட்டைத் தடவினால் இன்னும் பள்ளம் தெரிகிறது.

சிவப்புப் பேனை யாருடையது என்று எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் தமிழ் ரீச்சர். செக்பொயின்ற் வெட்டு. கிறீஸ் கை வெட்டு. சைக்கிளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உருட்டிக்கொண்டு போகும் இடம் முழுப்பக்கமும் வெட்டு. திருத்தினது என்று நினைக்கிறா, தீர்த்துவிட்டா. கடைசிப் பக்கம் உனக்கு ஞாபகம் இருக்கும். வதனியின் வீட்டில் கலியாணப் பேச்சு எடுத்துவிட்டார்கள். சுதன் கேட்கிறான்: "உனக்கு என்ன வேணும் வதனி?" அதோடு உன் எழுத்து நிற்கிறது. அதற்குக் கீழே சிவப்பு மையில்: "எனக்குப் படிப்புத்தான் வேண்டும் அண்ணா, என்றாள் வதனி."

அண்ணா!

ரீச்சர் புறூவ் தாளில் பிழை பார்க்க அச்சகத்துக்கு வந்தா. வாயை மூடிக்கொண்டு இருக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும்.

"ரீச்சர், வதனிட அம்மாவுக்குத் தெரியுமா?"

"என்னத்தை?"

"தனக்கு இவ்வளவு வளர்ந்த ஆம்பிளப்பிள்ளை ஒண்டு இருக்கிறது."

"நிரோ, வாய்க்கொழுப்பு இன்னும் குறையல்ல உனக்கு. பதினாலு வயசுப் பிள்ளை காதல் கதை எழுதினாள் எண்டு ஊர் கதைக்கட்டுமா? அவள் செத்த பிள்ளை. அந்தத் தாய்ட முகத்தை யோசிச்சியா?"

"சரி, செக்பொயின்ற் ஏன் வெட்டு? அதையும் அவள் காதலிச்சாளா?"

"யுத்தம் முடிஞ்சிற்று. இனி என்னத்துக்கு அதெல்லாம்? நல்ல விசயமா நாலு எழுதுவம்."

ஓம், முடிந்துவிட்டது. மே மாதம் வெற்றி என்று டவுனில் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தோம். முடிந்தது என்பதற்காக நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இதில் எனக்கு இன்னும் கோபம் எது தெரியுமா? ரீச்சரின் கண் கலங்கியிருந்தது. உன்னில் பட்சமான மனுசி. கெட்ட மனுசி என்றால் வெறுத்துவிட்டுப் போகலாம். உன் கதையில் வில்லன் வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாயே, அதன் கஷ்டம் இப்போது விளங்குகிறது.

"தாய் சம்மதிச்சால் உள்ளபடி போடு. போய்க் கேளன் பார்ப்பம், உனக்குத் தைரியம் இருந்தால்" என்றுவிட்டுப் போனா. நான் அந்த வீட்டுக்குப் போவதில்லை என்பது அவவுக்குத் தெரியும்.

அடுத்தநாள் மத்தியானம் போனேன். இப்போது உங்கள் வீடு கடற்கரையில் இல்லை. றோட்டுக்கு இந்தப் பக்கம், சுனாமி வீட்டுத் திட்டத்தில். அம்மா கிணற்றடியில் குந்தி இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தா. தலை நரைத்துவிட்டது.

"ஆர் புள்ள?"

"நிரோ, அம்மா. தர்ஷிட..."

"தெரியும் மகள். கொப்பியத் தந்திற்று ஓடின கால்களை எனக்குத் தெரியாதா?"

சிவப்புப் பேனை பற்றி ஒரே மூச்சில் சொன்னேன். உங்களுக்கு வெட்கமாக இருக்குமாம் என்றும் சொன்னேன். அம்மா மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"எனக்கென்ன வெட்கம்? அதை விடு. நான் உன்னட்ட ஒண்டு கேக்கணும். அஞ்சு வருசமாக் கேக்க ஆளில்ல. அந்தப் பொடியன் இப்ப எங்க?"

"எந்தப் பொடியன் அம்மா?"

"சுதன்."

கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டேன்.

"ஒவ்வொரு ஆண்டுத் திதிக்கும் அவளுக்கு ஒரு இலை போடுவன். பக்கத்தில இன்னொரு இலை போடுவன். அவளை நினைக்க இன்னொரு சீவன் இருக்கே. வாசலில வந்து நிண்டால் சாப்பிடாமப் போகக்கூடாதில்ல. முதல் வருசம் பாதை ஓடல்ல, அதான் வரல்ல எண்டு நினைச்சன். பிறகு அந்தப் பக்கம் சண்டை, செல்லடி. இவனையும் எங்கயும் கொண்டு போயிட்டாங்களோ எண்டு நினைச்சன். நீ கூட்டாளிதானே, உனக்குத் தெரியாம இருக்குமா?"

தர்ஷி, உன்னில் எனக்கு வந்த கோபம்! பொய் சொல்வது என் தொழில். "கட்டாரில் இருக்கான் அம்மா, உங்களை விசாரிச்சான்" என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. அச்சகத்தில் இருந்து ஒரு கடிதமே அடித்துக் கொடுத்திருப்பேன். ஆனால் அம்மா கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தா. உன் சுதனைப் போலவே, பதில் வரும்வரை. அப்படி ஒருத்தர் காத்திருந்தால் பொய் சொல்ல முடியாதாம். உன் கதையில் இருந்த அந்தச் சங்கதி எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது.

"சுதன் எண்டு ஆரும் இல்ல அம்மா. அவள் கற்பனை பண்ணினது."

"பொய் சொல்லாத. பார்க்காம இப்பிடி எழுத ஏலுமா? தின்னுற பணிசைப் பிச்சுப் பெரிய துண்டை அவளுக்குக் குடுப்பான். சிரிக்கக்குள்ள உடைஞ்ச பல்லை நாக்கால தடவுவான்..."

சொல்லிக்கொண்டிருந்த அம்மா சட்டென்று நிறுத்தினா. நான் அழுகை வந்தால் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்தானே. நாக்கு தானாகவே முன்பல்லுக்குப் போய்விட்டது.

"வாயைத் திற" என்றா அம்மா.

மீன் செதில் ஒட்டிய கையால் என் நாடியைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தா. பள்ளிக்கூடத்து மதிலில் இருந்து விழுந்து உடைத்த பல். கேட்காமல் எடுத்துப் பொடியனுக்கு வைத்தாய். என் சைக்கிளை எடுத்தாய், என் கிறீஸ் கையை எடுத்தாய், என் பகிடிகளை எடுத்தாய். அந்தக் கேள்வியையும் எடுத்தாய். ஒருநாள் பஸ் தரிப்பில், வீட்டில் கலியாணம் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று நீ சொன்னபோது, வாழ்க்கையில் முதல்தரமாகப் பகிடி விடாமல் நான் கேட்டேன்: "உனக்கு என்ன வேணும்?" பஸ் வந்தது. ஏறிவிட்டாய்.

அதை எல்லாம் அம்மாவிடம் சொன்னேன்.

"நான் அவளைக் கேக்கல்ல மகள்" என்றா. "அப்பாவோட நான்தான் அந்தக் கலியாணக் கதையை எடுத்தன். அவள் சோறு போட்டுக்கொண்டு நிண்டாள். நிமிர்ந்துகூட நான் பார்க்கல்ல."

பிறகு கையைக் கழுவினா. என்னை மேலும் கீழும் பார்த்தா. அழுவாவோ அடிப்பாவோ தெரியாமல் நான் நின்றேன்.

"அப்ப அஞ்சு வருசமா நான் இலை போட்டது உனக்கா?"

என் நாக்கு மறுபடியும் முன்பல்லுக்குப் போனது.

"நல்ல மருமகன். திதிக்கு ஒருக்காலும் வாசலுக்கு வரல்ல. போ, போய்க் காலைக் கழுவிற்று வா. சோத்துக்கு மீன் ஆணம் வைக்கிறன்."

இருவரும் சிரித்தோம். பிறகு சிரிப்பு என்ன ஆனது என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. சாப்பிடும்போது அம்மா மீனைப் பிட்டு, பெரிய துண்டை என் சோற்றுக் கோப்பையில் வைத்தா.

சாப்பிட்ட கையோடு ஒரு கடிதம் எழுதித் தந்தா. "என் மகள் எழுதியதில் ஒரு எழுத்தும் மாற்றக்கூடாது. மாற்றுவதென்றால் போடவேண்டாம்." ரீச்சர் அதை இரண்டு தரம் வாசித்தா, பேனையை மூடினா, அப்படியென்றால் கதை இல்லாமல் மலரைப் போடுவோம் என்றா. மலரில் இப்போது உன் படமும் பெயரும் மட்டும். உத்தமமான பிள்ளை என்று ஒரு வரி. அதை அடித்ததும் நான்தான். நீ உத்தமமான பிள்ளையாமே! என் சோத்துப் பெட்டியில் தவளை வைத்தது யார்?

கோபம் குறையவில்லை. குறைக்கப்போவதும் இல்லை. ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைத் தருகிறேன் என்கிறார் முதலாளி. "மாப்பிள்ளைக்குக் கறுப்புக் கரை போட்டவள் இதையாவது ஒழுங்காப் போடு" என்றார். பன்னிரண்டு பிரதி அடிப்பேன். செக்பொயின்ற் இருக்கும், கிறீஸ் இருக்கும், பாதை ஓடாத நாள்கள் எல்லாம் இருக்கும். பன்னிரண்டு பேரில் நான்கு பேர் உன்னோடேயே போய்விட்டார்கள். அவர்களின் வீடுகளுக்கும் நானே கொண்டுபோவேன், இந்தமுறை ஓடிவரமாட்டேன். சுகந்தியைப் பதினாறில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. என் முறைக்கு அடுத்தது அவளின் முறை, அது இன்னும் பாக்கி. ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சில் வைப்பேன், நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு.

கடைசிப் பக்கத்தில் சுதனின் கேள்வி இருக்கும். அதற்குக் கீழே வெறுந்தாள். படிப்பு என்று எழுதமாட்டேன், காதல் என்றும் எழுதமாட்டேன். எனக்குக் கை துறுதுறுக்கும், ஆனாலும் எழுதமாட்டேன். அது உன் இடம்.

கேட்டுவிட்டேன் தர்ஷி. இனிப் பேசாமல் இருக்கிறேன்.

உன் அம்மாவுக்கு வாய்த்த ஒரே மருமகன்,
நிரோ