நாகேஸின் லண்டன் குளிசை

04.07.2000
விடிய ஆமிச் சோதனை. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்காரர் எல்லோரையும் அடையாள அட்டையோடு இறங்கச் சொன்னார்கள். இவரின் கையைப் பிடித்து நான் படிப்படியாய் இறங்க, மேல்வீட்டு நாகேஸ்வரி, இவரின் தங்கை, விறுவிறென்று எங்களைத் தாண்டிப் போய் ஆமிக்காரனோடு சிங்களத்தில் கதைத்தும் முடித்துவிட்டாள். "அவளுக்கும் முழங்கால் தேய்மானம்தான்" என்றார் இவர். பற்றிக்கொண்டு வந்தது.

05.07
விஷயம் இதுதான்: அவளின் மகன் லண்டனிலிருந்து அனுப்பும் நோக் குளிசை, செலிகொக்சிப். புதுசாம், வயிற்றைக் கடிக்காதாம். எனக்கு டொக்டர் எழுதியது பழைய டைக்ளோபினாக். சாப்பிட்ட பிறகுதான் போடலாம், கூடவே வயிற்றுக்கு இன்னொரு குளிசை. தன்னுடையதில் பத்துத் தருகிறேன் என்றாள். எனக்கு நோவே இல்லை என்று சொல்லிவிட்டேன்.

09.07
நோவு உயிர் போகுது.

12.07
ஞாயிறு பிள்ளையார் கோவில் தேர். நாகேஸ் அடியழிக்கிறாளாம். தேருக்குப் பின்னால் அடிக்கொருதரம் முழந்தாளிட்டு, விழுந்து கும்பிட்டு, எழும்பி — இந்த வயதில்! "என்ரை தங்கச்சி" என்று இவர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். என்னைப் பற்றி ஒருநாளாவது இப்படி வாய் திறந்தாரா? நானும் அடியழிப்பேன் என்றேன். ஏன் சொன்னேன்? பொறாமைதான், வேறென்ன.

15.07
விரதம். தேர் முடியும்வரை தண்ணீர் மட்டும். டைக்ளோபினாக்கை விட்டால் கால் மடியாது, அதனால் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. வயிற்றுக் குளிசையை விட்டுவிட்டேன். வயிற்றில்தான் ஒன்றும் இல்லையே.

16.07, காலை
கால் மடிகிறது! வயிறு எரிகிறது. எரியட்டும்.

19.07
ஆஸ்பத்திரி. தேர் முதல் வீதி தாண்டமுன் மயங்கி விழுந்தேனாம். வயிற்றில் புண், இரத்தக் கசிவு. வெறும் வயிற்றில் போட்டதற்கு டொக்டர் நல்லாய் ஏசினார். நோவைக் குறைப்பதில் இரண்டு மருந்தும் ஏறக்குறைய ஒன்றுதானாம், வயிற்றில்தான் வித்தியாசமாம்.

ஒன்றுதானா? பிறகு அவள் மட்டும் எப்படி ஓடுகிறாள்?

பக்கத்தில் இருந்த நாகேஸிடமே கேட்டேன்.

"எனக்கும் நோதான் மச்சாள். ஏலாதெண்டு நிண்டால் ஆர் பிடிக்கிறது? அண்ணா உங்களைப் பிடிச்சு இறக்கிறதைப் பாக்க ஏலாமல்தான் முன்னுக்கு ஓடுறனான்."

அவள் மனிசன் செத்துப்போய் எத்தனை வருஷம். ஒருநாளும் நான் அதை யோசிக்கவில்லை.

24.07
வீட்டுக்கு வந்தாயிற்று. நாகேஸ் கஞ்சி கொண்டுவந்தாள். போக எழும்பியபோது, "அவவைப் பிடிச்சு மேல கொண்டுபோய் விடுங்கோ" என்று இவரிடம் சொன்னேன். இருவரும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

போய்விட்டார்கள். ஒரு மாடி ஏற இவ்வளவு நேரமா? அப்படி என்ன கதை?