தார் பூசிய பக்கம்

சேசு மரி சூசை துணை

சுங்கை பினாங்,
9-11-1931

கெடா தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்க்கும் என் அருமை மகன் வின்சென்டுக்கு, தகப்பன் லாரன்ஸ் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், நின்றுகொண்டு படிக்காதே.

அம்மாவுக்கு இரத்தம் போதவில்லை, தினம் கீரை கொடுங்கள் என்று ஆஸ்பத்திரி டிரசர் பாக்கியசாமி சொன்னதும், ஐந்தாம் வகுப்பையே இரண்டு வருஷம் படித்த என் மூளை வேலை செய்தது. கடல் ஏறினால் நம் கொல்லைக்குள் உப்புத்தண்ணீர் வந்துவிடும். அதனால் பாத்தியை முழங்கால் உயரம் தூக்கிக் கட்ட நினைத்தேன். பழைய ரயில் கட்டை வாங்கப் போனேன். அதில் ஊறின எண்ணெய் மண்ணில் இறங்கும், சாப்பிடுகிற கீரைக்கு ஆகாது என்று ரயில்வே வேலு தடுத்துவிட்டார். அப்போதுதான் நீ நாலு பலகை அனுப்பினாய். புதுப்பலகை, கறையான் தொடாது, தார் பூசிய பக்கம் மண்ணைப் பார்த்து இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். கறையானுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

தாருக்கடியில் பெருக்கல் குறி போலச் சாய்ந்த சிலுவை மாதிரி ஏதோ தெரிந்தது. அர்ச்சியசிஷ்ட பெலவேந்திரர் உயிர்விட்ட சிலுவை அப்படித்தானே இருக்கும்! மகன் சாமியாரிடம் மந்திரித்து அனுப்பியிருக்கிறான் என்று பூரித்துப்போய், அந்தப் பக்கத்தை வெளியே தெரிய வைத்துக் கட்டினேன். பக்கத்து வீட்டு ஆசியா பீவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பாத்தியில் வந்த கீரை முழுவதையும் அம்மாவுக்கே கொடுத்துவந்தேன். பதினைந்து நாளைக்கு முன் அவளுக்கு வாந்தியும் பேதியும் நிற்கவில்லை. பார்க்க வந்த பாக்கியசாமி, கொல்லையில் கை கழுவப் போனவர், பலகை முன்னால் நின்றுவிட்டார். கத்தியால் தாரைச் சுரண்டினார். என் சிலுவை இரண்டு எலும்பு, அதற்கு மேலே மண்டை ஓடு. "என்ன அண்ணே, இது லாலாங் புல்லைச் சாகடிக்கிற பாஷாணப் பெட்டிப் பலகைலா! எவன் குடுத்தான் ஒங்களுக்கு?" என்று கத்தினார். பாசாரில் வாங்கினேன் என்றேன்.

அவர் போன பிறகு மற்ற மூன்றையும் நானே பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அந்த மண்டை ஓட்டை மறைக்க உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்தான் தார். மரம் கெடாமலிருக்கப் பூசுகிறவன் அப்படிப் பூசமாட்டான், வின்சென்ட்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். நேற்றுத்தான் கஞ்சி உள்ளே நின்றது. பிள்ளை ஆசையாக அனுப்பிய பலகையை ஏன் பிரித்தீர்கள் என்று சண்டைக்கு வந்தாள். கறையான் அரித்துவிட்டது என்றேன். தான் படுத்ததை உனக்கு எழுத வேண்டாம், பயந்துவிடுவாய் என்று சொல்லியிருக்கிறாள்.

உன்னைத் திட்டி நாலு தாள் எழுதிக் கிழித்தேன். பாதி வசவுக்கு எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை.

தேவமாதா உன்னை ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றட்டும். தாருக்கடியில் என்ன இருந்தது என்று உனக்குத் தெரியாது என ஒரே ஒரு வரி எழுதிப் போடு, மகனே. நான் நம்பிவிடுகிறேன்.

உன் தகப்பன்,
லாரன்ஸ்