முதல் பக்கம் முழுக்க மலை

ராயக்கோட்டை
4.2.2007

அன்பு மகள் அனிதாவுக்கு, நைனா தன் கையாலேயே எழுதுவது.

இது வழக்கமாக எழுதிக் கொடுக்கும் கோவிந்தன் எழுத்து இல்லை, பார். என் எழுத்து. பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் ஏழு மாதம் படித்தேன். அறுபத்தெட்டு வயதில் எனக்குப் படிக்க வந்துவிட்டது. இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆகிறது. தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து இரண்டு வரி, மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு இரண்டு வரி.

நீ எழுதிய மொராக்கோ தேசத்து ஃபெஸ் நகரத்தை அம்மாவுக்குத் தினமும் படித்துக் காட்டுகிறேன். வண்டி நுழையாத சந்து, தோல் மூட்டை சுமக்கும் கழுதை, வழிவிடச் சொல்லிக் கத்தும் ஆள். கடைக்காரன் ஒருவரிடம் அரபி, அடுத்தவரிடம் பெர்பர், உன்னிடம் பிரெஞ்சு பேசுகிறான் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாய். வீட்டில் தெலுங்கு, மாட்டுச் சந்தையில் கன்னடம், கடிதத்தில் தமிழ் என்று நானும்தான் இருக்கிறேன். "அதுக்கு நம்ம ஓசூர் பஸ் ஸ்டாண்டே தேவல, அங்க கழுத உதைக்காது" என்கிறாள் அம்மா.

ஒரு குறை. மூன்று வருஷமாக உன் கடிதத்தில் ஊரும் மலையும்தான் இருக்கின்றன. நீ இல்லை. பால் சொசைட்டியில் கோவிந்தன் உரக்கப் படிக்க, கேனோடு நிற்கும் அத்தனை பேரும் கேட்பார்கள் என்றுதான் அப்படி எழுதினாயோ? இனி நானே படித்துக்கொள்வேன். மனசில் இருப்பதை எழுது. மாப்பிள்ளை நவீன்குமார் சௌக்கியமா?

உன் நைனா
நாராயணப்பன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)


காசாபிளாங்கா
26.2.2007

அன்புள்ள நைனாவுக்கு,

உங்கள் கையெழுத்தை ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். தமிழ் தெரியாதவர்களும் தொட்டுப் பார்த்தார்கள்.

போன வாரம் அட்லஸ் மலைக்குப் போனேன். உச்சியில் பனி, அடிவாரத்தில் வெயில். மண் வீடுகள் மலையின் நிறத்திலேயே இருப்பதால் புகை வந்தால்தான் வீடு என்று தெரிகிறது. ஒரு கிழவி கூப்பிட்டுப் புதினா போட்ட டீ கொடுத்தாள். அவள் பெர்பரில் பேசினாள், நான் தெலுங்கில் பேசினேன். இரண்டாவது டம்ளர் வேண்டாம் என்றது மட்டும் அவளுக்குக் கடைசி வரை புரியவில்லை.

ஒரு பக்கம் ஊரைப் பற்றியே எழுதிவிட்டேன். இனி நீங்கள் கேட்டது. நானும் நவீனும் எட்டு மாதமாகச் சேர்ந்து இல்லை. அவர் வேறு ஒருத்தியோடு இருக்கிறார். 'போனோம், பார்த்தோம்' என்று எழுதியதெல்லாம் நான் தனியாகப் போனதுதான். சனிக்கிழமை வந்தால் அந்த வீட்டில் இருக்க முடியாமல் ஏதாவது பஸ் ஏறிவிடுவேன்.

ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. ஓசூரில் வேலை தேடிக்கொள்வேன். நம் வீட்டுக்கு வந்துவிடட்டுமா நைனா? அம்மாவிடம் நானே நேரில் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம். முக்கியமாக, அவருடைய சித்தப்பா கரியப்பனுக்கு.

அனிதா


ராயக்கோட்டை
25.3.2007

அனிதாவுக்கு,

இதை எழுத ஒன்பது நாள் ஆயிற்று.

உன் கடிதத்தைப் பிரிக்காமல் பால் சொசைட்டிக்கு எடுத்துப் போனேன். நான் படிப்பதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. "கோவிந்தா, இன்னிக்கி நீ உக்காரு" என்றேன். "பெரீப்பா படிச்சி முடிக்கறதுக்குள்ள பாலு திரிஞ்சிடும்" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பனியைப் படித்தேன், கிழவியைப் படித்தேன். "அப்பறம் எங்க போச்சாம் நம்ம பொண்ணு?" என்று கரியப்பன் கேட்டார். பக்கத்தைத் திருப்பினேன்.

எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். எழுத்து எழுத்தாகச் சொல்லி முடித்த பிறகுதான் அர்த்தம் வரும். நீங்கள் சேர்ந்து இல்லை என்பது என் வாயை விட்டுப் போன பிறகுதான் என் காதுக்கு வந்தது. அப்போதும் வாய் நிற்காமல் அடுத்த வரிக்கு ஓடிவிட்டது. கோவிந்தன் எழுந்து வந்து தாளை மடித்தான். "போதும் மாமா, வீட்டுக்குப் போங்க." கரியப்பன் பால் ஊற்றாமலே கேனைத் தூக்கிக்கொண்டு போனார்.

யாருக்கும் தெரிய வேண்டாம் என்ற வரியை வீட்டுக்கு வந்துதான் படித்தேன். அதற்குள் அம்மா தெருக்குழாயில் கேட்டுவிட்டாள். "எம் பொண்ணு கஷ்டத்த நான் கொடத்தோட நின்னு கேக்கணுமா?" என்றாள். அதோடு சரி. சோறு போடுகிறாள், பேசுவதில்லை. கரியப்பன் ஆட்கள் இரண்டு தடவை வந்து, பெண் சரியில்லை என்று கத்திவிட்டுப் போனார்கள். எல்லாம் என் தப்பு. மன்னித்துவிடு, மகளே.

நாராயணப்பன்


காசாபிளாங்கா
14.4.2007

அன்புள்ள நைனாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் இல்லை. நீங்கள் பக்கத்தைத் திருப்பிய இடம் வந்தால் மட்டும் தாளைக் கீழே வைத்துவிடுகிறேன்.

நாலு தடவை படித்தேன். நான் ஒன்று கேட்டிருந்தேன். அதற்கு உங்கள் கடிதத்தில் பதில் இல்லை. விட்டுப்போனதா, வேண்டாம் என்று விட்டதா, தெரியவில்லை. போன் செய்து கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. இங்கே ஆபீசில் முடிவு கேட்டார்கள். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வடக்கே மலையடியில் செஃப்சாவன் என்று ஓர் ஊர். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களும் யூதர்களும் வந்து தங்கிய இடமாம். சுவரெல்லாம் நீலம். அடுத்த சனிக்கிழமை போகிறேன்.

அனிதா


ராயக்கோட்டை
6.5.2007

அனிதாவுக்கு,

வேண்டாம் என்று விடவில்லை. ஊருக்கு என்ன பதில் சொல்வது என்றே ஒன்பது நாளும் யோசித்தேன். உனக்குச் சொல்ல வேண்டியதை எழுதாமல் கவரை ஒட்டிவிட்டேன். வா.

உன் பழைய கடிதத்தை எடுத்து, நீ கேட்டிருந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள். "அவ வீட்டுக்கு வர்றதுக்கு உங்களக் கேக்கணுமா?" என்றாள். ஜூனில் நீ வருவாய் என்று உள் அறையில் இருந்த தக்காளிப் பெட்டிகளை அன்றைக்கே வெளியே தூக்கிப் போட்டாள். நேற்று ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

நீ கையெழுத்துப் போட்டுவிட்ட வரியை நான் அவளுக்குப் படிக்கவில்லை.

நைனா