முட்டுக் கொடுத்த வீடுகள்

மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. நனைந்த மரமும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை தெரு முழுக்க நிற்கிறது. உன் படத் தபால் அட்டையில் இருந்த அதே தெரு. ஜெர்மனியில் வேலை பார்க்கும் என் தங்கை மகனை வற்புறுத்தி, வெகு தூரம் சுற்றி இங்கே வரவைத்தேன். அவன் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். எனக்கு முழங்கால் வலி. பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. உனக்கு எழுதுவது வீண் வேலைதான். ஆனால் வேறு யாருக்கும் எழுதக்கூடிய செய்தி அல்ல இது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அரியலூரில் ஒரு மாடியை இருவரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் பெண்கள் பள்ளியில் வரலாறு நடத்தினேன். நீ சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் நாளெல்லாம் சாம்பல்நிறத் தூளைச் சலித்துவிட்டு, புருவம் நரைத்து வீடு திரும்புவாய். இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரர் உன் வேலையைப் பார்த்து, தம் ஊரில் ஓராண்டுப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். நீ தங்கப்போகும் தெரு என்று இந்த அட்டையையும் கொடுத்துப் போனார். வெள்ளைச் சுவர்கள், அவற்றில் நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாகக் கறுத்த மரச் சட்டங்கள்.

உன் அப்பாவின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி. திருமானூரிலிருந்து பஸ்ஸில் வந்தார். அட்டையை எட்டப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்தும் பார்த்தார்.

“ஏம்மா டீச்சரு, தெரு பூராவும் முட்டுக் குடுத்துல்ல வச்சிருக்கான்?”

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்துபோனால் உங்கள் ஊரில் மண்சுவர்கள் சாயும். பனங்கட்டையை அண்டக் கொடுத்து நிறுத்துவார்கள். உங்கள் வீட்டு மேற்குச் சுவருக்கே இரண்டு கட்டைகள் நின்றன. சாய்ந்து நிற்கும் மரத்துக்கு அவர் அறிந்த பொருள் அது ஒன்றுதான். அப்படி இல்லை என்று நீ சொல்லிப் பார்த்தாய். அது அவர் காதில் உன் ஆசையாக மட்டுமே விழுந்தது. என் பக்கம் திரும்பினார்.

“விழப்போற வூட்டுல எம் பொண்ண விட்டுட்டு நான் இங்க தூங்குவனா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. பழைய வூடுதானே இதெல்லாம்?”

எனக்குத் தெரியும். முதலில் மரச் சட்டத்தை நிறுத்தி, இடையில் மண்ணை நிரப்பி எழுப்பிய வீடுகள் அவை. அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். நான், “ஆமாங்க, ரொம்பப் பழசு. நானூறு வருஷம் இருக்கும்,” என்றேன்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மன்னிப்புக் கேட்டிருப்பேன். தனிப் பெண்ணுக்கு வீடு தருவதில்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அது ஒரு காரணம். நீ இல்லாத மாடியை நினைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அது முதல் காரணம்.

நீ காபித் தம்ளர்களோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாய். போக வேண்டாம் என்று முடித்துவிட்டு அவர் பஸ் ஏறிய பின், “நல்லா பாடம் எடுத்தடி, டீச்சரம்மா. எங்கப்பா பாஸு. நான்தான் பெயிலு,” என்று சிரித்தாய். அதோடு சரி. அந்தப் பேச்சை நீ பிறகு எடுக்கவே இல்லை.

இரண்டே ஆண்டில் திருமணமாகிப் பெரம்பலூர் போனாய். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அங்கே தனியாகத்தான் இருந்தேன்.

போன மாதம் உன் மகள் அட்டையைக் கொண்டுவந்தாள். “அம்மா பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வச்சிருந்தாங்க பெரியம்மா. இது எந்த ஊரு?”

“ஏதோ பழைய தெரு,” என்றேன். மறுபடியும் உண்மை.

சற்று முன் எழுந்துபோய் ஒரு சட்டத்தின் மேல் கையை வைத்தேன். ஈரமாக இருந்தது, அசையவில்லை. தங்கை மகன் அருகில் வந்து, “இந்தக் கட்டையெல்லாம் என்ன பெரியம்மா, அழகுக்கு ஒட்டி வச்சதா?” என்றான்.

“அழகுக்கும் இல்ல, முட்டுக்கும் இல்லப்பா. இந்த மரந்தான் வீடே. மண்ணு பின்னால ரொப்புனது.”

“ஓ,” என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டான். சொல்லி முடிக்க அவ்வளவு நேரந்தான் ஆயிற்று.

அட்டை என் கைப்பையில் இருக்கிறது. உன் மகளுக்கு இன்னும் சொல்லவில்லை.